லண்டனில் வசித்தபடி கொரியக் கலை நிகழ்ச்சிகளை ரசிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "கொரியத் தொடர்கள் பார்த்து ஆர்வம் வந்தது. இப்போது லண்டனில் வேலை. இங்கே கொரிய இசை, கூத்து, திரைப்பட விழா என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். அழகாக இருந்தது, ஆனால் மனதில் ஒட்டவில்லை. எங்கே போவது, எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பார்ப்பது?"

எங்கே போவது என்பதற்கு லண்டனில் பஞ்சமில்லை. ஒட்டாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில்தான் இருக்கும். கொரிய நாட்டுப்புறக் கலைகள் மேடைக்காகப் பிறந்தவை அல்ல. 'மதாங்' என்று அவர்கள் சொல்லும் முற்றத்தில், ஊர்க்காரர்கள் சுற்றி உட்கார்ந்து இடையிடையே குரல் கொடுக்க, அந்தக் குரலைச் சேர்த்துக்கொண்டே வளர்ந்தவை. வில்லுப்பாட்டில் "ஆமா" போட ஆளில்லாவிட்டால் கதை எப்படி நொண்டுமோ, அப்படித்தான் இதுவும். இருட்டு அரங்கில் கையைக் கட்டிக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்தால் பாதி நிகழ்ச்சிதான் கிடைக்கும். ஆகவே எங்கே, எப்போது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, எப்படி என்பதில் அதிக நேரம் செலவிடுகிறேன்.

முதல் முகவரி, டிரஃபால்கர் சதுக்கத்தை ஒட்டி 2008-இல் தொடங்கப்பட்ட கொரியக் கலாச்சார மையம். இதுபோன்ற மையங்களைக் கொரிய அரசின் கலாச்சார அமைச்சகம் உலகின் பல நகரங்களில் நடத்துகிறது. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் 1979-இலேயே வந்துவிட்டன. வேறு நாட்டில் இருப்பவர்களும் முதலில் தங்கள் நகரத்து மையத்தைத் தேடுவது நல்லது. சென்னைக்காரர்களுக்கு 2006 முதல் இன்கோ சென்டர் இருக்கிறது. ஊருக்கு விடுமுறையில் போகும்போது அதன் நிகழ்ச்சி நிரலையும் ஒரு பார்வை பாருங்கள்.

மையத்தின் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும். இலவசம் என்பதாலேயே இரண்டு சிக்கல். பதிவு திறந்த வேகத்தில் இடம் தீர்ந்துவிடும். பதிவு செய்தவர்களில் பலர் அன்று வரவும் மாட்டார்கள். சமூக ஊடகத்தில் யாரோ பகிர்ந்ததைப் பார்த்துப் போனால் பெரும்பாலும் தாமதம்தான். மையத்தின் மின்னஞ்சல் மடலில் சேர்ந்து, மடல் வந்த அன்றே பதிவு செய்யுங்கள். "இடமில்லை" என்று வந்தாலும் மனம் தளர வேண்டாம். காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, தொடங்க அரை மணி நேரம் முன்பே வாசலில் நில்லுங்கள். பலருக்கு உள்ளே போக இடம் கிடைப்பது அப்படித்தான். நீங்கள் பதிவு செய்துவிட்டுப் போக முடியாமல் போனால் தயவுசெய்து ரத்து செய்யுங்கள். ஒரு கலைஞர் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து பாதிக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடுவது பார்க்கப் பொறுக்காத காட்சி.

ஆண்டுச் சுழற்சியை நினைவில் வைத்துக்கொண்டால் திட்டமிடுவது எளிது. சொல்லால் என்னும் சந்திரப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். சுசோக் என்னும் அறுவடைத் திருநாள் எட்டாம் சந்திர மாதத்து முழுநிலவு நாள்; செப்டம்பரில், சில ஆண்டுகளில் அக்டோபர் தொடக்கத்தில். இந்த இரண்டையும் ஒட்டிக் குடும்பத்தோடு போகக்கூடிய நிகழ்ச்சிகள் இருக்கும். அக்டோபர், நவம்பரில் கே-மியூசிக் விழா. 2013 முதல் கலாச்சார மையமும், லண்டன் ஜாஸ் விழாவை நடத்தும் சீரியஸ் நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. பெயரைப் பார்த்து கே-பாப் என்று நினைத்துவிடக் கூடாது. பன்சோரி என்னும் கதைப்பாட்டு, கொமுங்கோ என்னும் தந்திக் கருவி, அவற்றை ஜாஸோடும் ராக்கோடும் கலந்தவை என்று கொரிய மரபிசையின் இன்றைய முகத்தை ஐரோப்பாவில் பார்க்க இதைவிட நல்ல இடம் குறைவு. நவம்பரை ஒட்டி, 2006-இல் தொடங்கிய லண்டன் கொரியத் திரைப்பட விழா. ஆக, இலையுதிர் காலத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். பத்து நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்து அசந்துபோவதைவிட மூன்று போதும்: ஒரு பன்சோரி, ஒரு படம், கையால் செய்து பார்க்கும் பயிலரங்கு ஒன்று.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். "கொரியக் கலாச்சார இரவு" என்ற பெயரில் விசிறி நடனம் ஐந்து நிமிடம், டேக்வாண்டோ ஐந்து நிமிடம், தாளக் கருவி ஐந்து நிமிடம் என்று துண்டு துண்டாக வரும் நிகழ்ச்சிகள். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட அது நல்லதுதான். ஆனால் கொரிய இசை மெதுவாகத் தொடங்கி மெல்ல மெல்லச் சூடேறும் இயல்புடையது. சான்ஜோ என்ற தனிக்கருவி இசை முழுதாக வாசித்தால் நாற்பது நிமிடத்துக்கு மேல் போகும். ஆக மெதுவான தாளத்தில் தொடங்கிப் படிப்படியாக வேகமெடுக்கும். அதன் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டித் தந்தால், கச்சேரியில் துக்கடாவை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போன மாதிரி.

இனி பன்சோரி. கொரியக் கலைகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஒரு பாடகர், ஒரு தாளக்காரர், ஒரு பாய், ஒரு விசிறி. மேடையில் இருப்பது அவ்வளவுதான். பாடகர் சோரிக்குன், புக் என்னும் பீப்பாய் வடிவத் தோல் கருவியோடு சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்திருப்பவர் கோசு. பாட்டு, 'அனிரி' என்னும் உரைநடைப் பேச்சு, 'பல்லிம்' என்னும் அசைவு மூன்றையும் ஒரே ஆள் மாற்றி மாற்றிச் செய்து ஒரு காவியத்தையே நடத்திக் காட்டுவார். விசிறி மூடியிருந்தால் குருடனின் ஊன்றுகோல்; விரித்தால் கடிதம்; அடுத்த காட்சியில் சுரைக்காயை அறுக்கும் ரம்பம்.

ஒரு காலத்தில் பன்னிரண்டு கதைகள் இருந்தன. இன்று முழுதாக எஞ்சியிருப்பவை ஐந்து. பிரிந்த காதலனுக்காகச் சிறையிலும் உறுதியாக நிற்கும் சுன்ஹ்யாங்கின் கதை. கண் தெரியாத தந்தை தனக்குப் பார்வை கிடைக்கக் கோயிலுக்கு முந்நூறு மூட்டை அரிசி நேர்ந்துகொள்ள, அதற்காகத் தன்னையே மாலுமிகளிடம் விற்றுக் கடலில் பாயும் சிம்சோங்கின் கதை. கால் முறிந்த தைலான் குருவிக்குக் கட்டுப்போட்ட ஏழைத் தம்பி ஹுங்பு, பேராசை பிடித்த அண்ணன் நோல்பு கதை. முயலின் ஈரலைத் தேடிக் கரையேறும் ஆமையின் கதை. சீனத்து மூன்று நாடுகளின் செம்பாறைப் போர்க் கதை. சுன்ஹ்யாங் கதையை முழுதாகப் பாட எட்டு மணி நேரம் வரை ஆகும். யுனெஸ்கோ 2003-இல் பன்சோரியை மனிதகுலத்தின் அரிய மரபாக அறிவித்தது.

நான்காவது கதை நமக்குத் தெரிந்த கதைதான். முதலை மனைவிக்காகக் குரங்கின் இதயத்தைக் கேட்க, "மரத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்" என்று குரங்கு தப்பிக்குமே, ஜாதகக் கதைகளிலும் பஞ்சதந்திரத்திலும் வருவது. அது பௌத்தத்தோடு சீனா வழியாகக் கொரியா போய்ச் சேர்ந்து, குரங்கு முயலாகவும் முதலை ஆமையாகவும் மாறியது என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1145-இல் தொகுக்கப்பட்ட சம்குக் சாகி என்ற வரலாற்று நூலிலேயே இது இருக்கிறது. பகைநாட்டில் சிறைப்பட்ட சில்லா நாட்டு இளவரசன் கிம் சுன்-சு இந்தக் கதையைக் கேட்டுத் தப்பிக்கும் வழி கண்டதாக அது சொல்கிறது. தமிழ் ரசிகர் பன்சோரிக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. கதையைப் புரிந்துகொள்ளவே மெனக்கெட வேண்டாம். நேரே பாட்டில் கவனம் வைக்கலாம்.

வெளிநாட்டு மேடையில் எட்டு மணி நேரம் பாட விட மாட்டார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குத் தேர்ந்தெடுத்த கட்டங்களைப் பாடுவார்கள். ஒரு கட்டத்துக்கு 'தேமோக்' என்று பெயர். டிக்கெட் எடுத்த உடனே நிகழ்ச்சிக் குறிப்பில் எந்தக் கதை, எந்தத் தேமோக் என்று பாருங்கள். இல்லையென்றால் அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். முன்தயாரிப்பு முழுக்க இதை வைத்துத்தான். கதைச் சுருக்கத்தை ஒருமுறை வாசியுங்கள். அந்தத் தேமோக்கை மட்டும் யூடியூபில் தேடி இரண்டு முறை கேளுங்கள்: முதல் முறை மொழிபெயர்ப்பைப் பார்த்துக்கொண்டு, இரண்டாம் முறை எதையும் பார்க்காமல்.

தேடும்போது பலர் சிக்கிக்கொள்ளும் இடம் எழுத்துக்கூட்டல். கொரியச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுத 2000-இல் புதிய அரசு முறை வந்தது. அதற்கு முந்தைய முறை பழைய ஒலிப்பதிவுகளிலும் நூல்களிலும் அப்படியே இருக்கிறது. கயாகும் என்ற பன்னிரண்டு தந்திக் கருவி புதிய முறையில் ஜி எழுத்தில் தொடங்கும், பழைய முறையில் கே எழுத்தில். புசான் நகரம் இன்று Busan, பழைய நூலில் Pusan. ஒன்றை மட்டும் தட்டினால் பாதி கண்ணில் படாது. விக்கிப்பீடியாக் கட்டுரையின் முதல் வரியில் ஹங்குல் என்னும் கொரிய எழுத்தில் இருக்கும் பெயரை நகலெடுத்து ஒட்டித் தேடுவதே சிறந்த வழி. சியோலின் தேசிய குகாக் (மரபிசை) மையம் தன் யூடியூப் பக்கத்தில் ஏராளமான நிகழ்ச்சிகளைப் போட்டுவைத்திருக்கிறது. 1951-இல் போர்க்காலத்தில் புசானில் தொடங்கிய நிறுவனம் அது. ஒலிப்பதிவின் தரம் நம்பத்தக்கது. நேரலை பார்ப்பதானால் கணக்கு: சியோலில் இரவு 7:30 என்றால் லண்டனில் கோடையில் காலை 11:30, குளிர்காலத்தில் 10:30. கொரியாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை; மாற்றுவது நாம்தான். அக்டோபர் கடைசி வாரத்தில் பலர் நேரலையைத் தவறவிடுவது இதனால்தான்.

அடுத்து தாளம். இதை விட்டுவிட்டால் பன்சோரி வெறும் கரகரத்த குரலாகத்தான் கேட்கும். எல்லாவற்றையும் கற்க வேண்டாம். ஜுங்மோரி என்ற ஒன்று போதும். பன்னிரண்டு எண்ணிக்கை, வேகம் சுவர்க்கடிகார விநாடி முள்ளைவிடக் கொஞ்சம் கூட. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ எட்டு, ஒன்பது விநாடி ஆகும். கோசுவின் கையை மட்டும் பாருங்கள். முதல் எண்ணில் இடக்கை உள்ளங்கை ஒரு பக்கத் தோலிலும் வலக்கைக் குச்சி மறுபக்கத் தோலிலும் சேர்ந்து விழும். நடுவில் லேசான அடிகள். ஒன்பதாவது எண்ணில் குச்சி தோலை விட்டு எழும்பி, மேல்பக்க மரக்கட்டையில் "தக்" என்று ஓங்கி இறங்கும். அந்தத் "தக்" காதில் பிடிபட்டுவிட்டால் பிறகு அதைத் தவறவிட மாட்டீர்கள். பாட்டின் வாக்கியம் அதை நோக்கி ஏறுவதும், அதன்பின் மூன்று எண்ணிக்கையில் இறங்கி இளைப்பாறுவதும் தெரியும். தொடையில் தட்டிப் பழகுங்கள்: ஒன்றில் கை, ஒன்பதில் விரல் மூட்டு. இரண்டு மாலை பயிற்சி போதுமானது.

மற்றவற்றை அடையாளம் தெரிந்தால் போதும். ஜின்யாங்ஜோ ஆக மெதுவானது. துயரமும் விரிந்த காட்சிகளும் அதில். ஜாஜின்மோரி வேகமானது, சுன்ஹ்யாங் கதையில் மாறுவேடத்தில் வந்த அரசரின் ஆய்வாளர் தன்னை வெளிப்படுத்திப் பாயும் கட்டம் அதில்தான். ஒத்மோரி 3, 2, 3, 2 என்று பத்து எண்ணிக்கையில் நொண்டி நடக்கும். விசித்திரமான யாரோ நுழையும்போது வரும். முயல் கதையில் ஆமை பல கடல்களைத் தாடையாலேயே உந்திக்கொண்டு கரை சேர்கிறது. தாடை மரத்துப்போன நிலையில், முயலாரே என்பதற்கு "தோ செங்வோன்" என்று கூப்பிட வாயெடுத்தால் "தோ" குழறி "ஹோ" ஆகிவிடுகிறது. ஹோ என்றால் புலி. இதுவரை தன்னை யாருமே "ஐயா" என்று மரியாதையாக அழைத்ததில்லையே என்று மகிழ்ந்து ஒரு புலி மலையிலிருந்து இறங்கி வருகிறது. அந்தப் புலி இறங்குவது ஒத்மோரியில். இந்தக் கட்டத்தைத்தான் லீநல்ச்சி என்ற குழு புதிய இசையில் பாடி, 2020-இல் கொரியச் சுற்றுலாத் துறை வீடியோ வழியாக உலகம் முழுக்கப் பரவியது. அதைக் கேட்டிருந்தால், அதே கட்டத்தை மரபுப் பாடகர் ஒருவர் பாடுவதையும் தேடிக் கேளுங்கள். தாளம் எங்கே நொண்டுகிறது என்று உடனே பிடிபடும்.

இப்போது உங்கள் பங்கு. ரசிகர்களும் கோசுவும் போடும் குரலுக்கு 'சுயிம்செ' என்று பெயர். "ஒல்சிகு!", "ஜோத்தா!" (நல்லா இருக்கு), "ஜால் ஹான்தா!" (பிரமாதமா செய்யறீங்க), சிறு முனகலாக "ஓயி". முதலில் தாளக்காரர், இரண்டாவதுதான் பாடகர் என்று கொரியாவில் ஒரு சொலவடை உண்டு. அதையே நீட்டி, முதலில் ரசிகர், பிறகு தாளக்காரர், பிறகுதான் பாடகர் என்றும் சொல்வார்கள். பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியை அந்தக் குரல் தாங்கிப் பிடிக்கிறது. மூன்று மணி நேரம் ஒற்றை ஆளாக நிற்பவருக்கு அது ஊன்றுகோல்.

எப்போது போடுவது? வாக்கியம் முடிந்து பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில். ஜுங்மோரியில் அந்த ஒன்பதாவது "தக்" விழுந்த உடனே. அதற்கு முன் போட்டால் பாட்டின்மேல் ஏறி மிதித்த மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் போட வேண்டியதில்லை. சோகக் கட்டத்தில் அதே "ஜோத்தா"வைத் தாழ்ந்த குரலில், பெருமூச்சு கலந்தாற்போல் போடுவார்கள். சிம்சோங் கடலில் பாயும் இடத்தில் உற்சாகமாகக் கத்தினால் அரங்கமே திரும்பிப் பார்க்கும். முதல் தடவை போகிறவர் கோசுவையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். அவர் "ஓயி" என்றதும் அரைக் கணம் பின்னால் நீங்களும் மெல்லச் சொல்லுங்கள். வெளிநாட்டு மேடைகளில் பல பாடகர்கள் தொடக்கத்திலேயே இரண்டு, மூன்று சொற்களைக் கற்றுக்கொடுத்துப் பார்வையாளர்களைப் பழக்குவார்கள். அப்போது கூச்சப்படாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மேல்திரை மொழிபெயர்ப்பை அதிகம் நம்ப வேண்டாம். அனிரிப் பகுதியில் பாடகர் அன்றைய அரங்குக்குத் தகுந்தபடி சேர்ப்பார், குறைப்பார். திரை முந்தியோ பிந்தியோ ஓடும். சிரிப்பு வருவதற்குள் திரையில் விடை வந்துவிடும். கதை முன்பே தெரிந்திருந்தால் கண்ணைத் திரையிலிருந்து எடுத்து விசிறியில் வைக்கலாம். அதற்கு முன்பக்கம், பத்து வரிசைக்குள் இடம் பிடியுங்கள். குரல் கரகரப்பாக இருக்கிறதே என்று முதலில் தோன்றும். அது குறையல்ல, வருடக்கணக்கான பயிற்சியில் அப்படி ஆக்கிக்கொள்வது. இனிமையைத் தேடாமல், குரல் எங்கே உடைகிறது, எங்கே திரும்ப எழுகிறது என்று கேளுங்கள்.

இதே நீங்கள் அடுத்த வாரம் அரசவை இசை கேட்கப் போனால் முற்றிலும் வேறு ஒழுங்கு. அங்கே சுயிம்செ கூடாது, முழு மௌனம். ஜோங்மியோ என்னும் அரச முன்னோர் ஆலயத்தின் சடங்கிசை 2015-இல் பாரிஸின் ஷாயோ அரங்கில் நடந்தது போல, இந்த இசையும் எப்போதாவது ஐரோப்பாவுக்கு வரும். மிக மிக மெதுவாக நகரும். நடுவில் தாளக்கருவி அடங்கி, குழல்கள் மட்டும் இழுத்துக்கொண்டு போகும் இடங்களில் "முடிந்துவிட்டது" என்று நினைத்துக் கைதட்டிவிடுவார்கள். குறி ஒன்று இருக்கிறது. பச்சை அங்கி அணிந்து ஓரமாக நிற்பவரின் கையில் 'பாக்' இருக்கும்: ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய ஆறு மரப்பட்டைகள், விசிறி போல விரியும். ஒருமுறை அறைந்தால் தொடக்கம். மூன்று முறை அறைந்தால் முடிவு. மூன்றாவது அறை கேட்கும்வரை கை மடியிலேயே இருக்கட்டும்.

சமுல்நோரி பற்றி. க்வெங்க்வாரி என்ற சிறு வெண்கலத் தட்டு, ஜிங் என்ற பெரிய வெண்கலத் தட்டு, இடை சிறுத்த ஜாங்கு, புக் ஆகிய நான்கு கருவிகள். மின்னல், காற்று, மழை, மேகம் என்பார்கள். பழமையான உழவர் இசையை 1978-இல் சியோலின் ஒரு சிற்றரங்கில் கிம் தொக்-சுவும் தோழர்களும் உட்கார்ந்து வாசிக்கும் மேடை வடிவமாக மாற்றியதுதான் சமுல்நோரி. நடைமுறைக் குறிப்பு ஒன்று மிக முக்கியம்: மூடிய அரங்கில் க்வெங்க்வாரியின் சத்தம் காதைத் துளைக்கும். திறந்தவெளிக்கான கருவி அது. முதல் மூன்று வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தைகளுக்குக் காதடைப்பான் கட்டாயம் எடுத்துப் போங்கள். பயிலரங்கில் சேர வாய்ப்பு வந்தால் ஜாங்குவை எடுங்கள். நம் சொற்கட்டு போலவே அதற்கும் வாய்மொழி உண்டு: இரண்டு கையும் சேர்ந்தால் "டொங்", இடப்பக்கம் மட்டும் "குங்", வலப்பக்கக் குச்சி மட்டும் "டொக்". செமாச்சி தாளம் "டொங், டொங் டொக், குங் டொக்". அரிராங் என்னும் நாட்டுப்புறப் பாட்டுக்கு அடிப்பது இதுதான். மிருதங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் செய்யும் வழக்கமான பிழை, எல்லாவற்றையும் நான்காகப் பிரித்து எண்ணுவது. கொரிய நாட்டுப்புறத் தாளங்களில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். திஸ்ரம் என்று மனதில் வைத்துக்கொண்டால் கை தானாக வழிக்கு வரும். ஆசிரியர்கள் எண்ணச் சொல்வதைவிட மூச்சோடு தோளை ஏற்றி இறக்கச் சொல்வார்கள். வெட்கப்படாமல் அப்படியே செய்யுங்கள். தாளம் உட்கார்ந்திருப்பது அங்கேதான்.

கே-பாப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்காது. ஒன்று மட்டும்: அங்கே 'உங்வொன்போப்' என்று நிறுவனமே வெளியிடும் கோஷ வரிசை, எந்த இடத்தில் யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்று வரையறுத்தது, சுயிம்செவின் பேரப்பிள்ளை போலத்தான் எனக்குப் படுகிறது. ரசிகர்கள் கையில் பிடித்து ஆட்டும் ஒளிக்கோலை வீட்டிலேயே செயலியோடு இணைத்து, இருக்கை எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள். அரங்கத்துக்குள் இருபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் முயன்றால் இணைப்பு கிடைக்காது. மாற்று பேட்டரி பையில் இருக்கட்டும்.

திரைப்பட விழாவில் புதுப் படங்களைத் துரத்த வேண்டாம். அவை பின்னால் எப்படியும் இணையத்துக்கு வரும். பழைய படங்களுக்கும், இயக்குநர் நேரில் வந்து பேசும் காட்சிகளுக்கும் முன்னுரிமை கொடுங்கள். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தன் யூடியூப் பக்கத்தில் பழைய படங்களை ஆங்கிலத் துணைவரிகளோடு இலவசமாகவே வைத்திருக்கிறது. வாரம் ஒன்று பார்த்தால் விழா வரும்போது கேட்பதற்கு உங்களிடம் கேள்வி இருக்கும்.

பிரிட்டிஷ் மியூசியத்தின் 67-ஆம் அறை கொரியாவுக்கானது, நுழைவு இலவசம். வெள்ளிக்கிழமை இரவு எட்டரை வரை திறந்திருப்பதால் வேலை முடிந்து போகலாம். அங்கே நிலா ஜாடி என்ற வெண்பீங்கான் ஒன்று இருக்கிறது. உயரம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1935-இல் சியோலில் வாங்கியவர் குயவர் பெர்னார்ட் லீச். பிறகு அது லூசி ரீ என்ற மற்றொரு குயவரிடம் அவர் மறையும்வரை இருந்து, 1999-இல் மியூசியத்துக்கு வந்தது. முன்னால் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முழங்காலை மடக்கி, ஜாடியின் வயிறு கண்மட்டத்துக்கு வரும்படி குனியுங்கள். இவ்வளவு பெரிய உருண்டையைச் சக்கரத்தில் ஒரே தடவையில் எழுப்பினால் சரிந்துவிடும். அதனால் இரண்டு பெரிய கிண்ணங்களைத் தனித்தனியே வனைந்து, வாயோடு வாய் பொருத்தி ஒட்டுவார்கள். அந்த ஒட்டு நடுவில் மெல்லிய வரம்பாகத் தெரியும். சூளையில் வெந்தபோது பாரத்தால் ஒரு பக்கம் லேசாக அமுங்கியிருக்கும். மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்தால் உருண்டை ஒவ்வொரு அடிக்கும் வேறு உருவமாகும். இதற்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அறையில் மற்றவற்றை இன்னொரு நாள் பார்க்கலாம்.

நியூ மால்டனை விட்டுவிடக் கூடாது. வாட்டர்லூவிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். ஐரோப்பாவின் பெரிய கொரியக் குடியிருப்புகளில் ஒன்று. இங்கே ஊர்க்காரர்கள் தங்களுக்காக நடத்தும் விழாக்கள் ஆங்கில இணையப் பக்கங்களில் அரிதாகவே வரும். பலசரக்குக் கடை வாசல் கண்ணாடியில் ஒட்டிய தாள்தான் அறிவிப்பு. கைப்பேசி மொழிபெயர்ப்பால் படித்துக்கொள்ளலாம். சாப்பாட்டில் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது: கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ இறால் ஊறலோ இருக்கும். தொக்பொக்கி என்னும் அரிசிமாவுக் கொழுக்கட்டையின் காரக் குழம்பு பல இடங்களில் நெத்திலி வேகவைத்த நீரில் செய்வது. அதில் மிதக்கும் பழுப்பு நிறப் பட்டைகள் மீன் மாவுதான். "கோகி ப்பே ஜுசேயோ" என்றால் இறைச்சியை எடுத்துவிடுங்கள் என்று பொருள். ஆனால் மீன் அதில் அடங்காது, தனியே கேட்க வேண்டும். கோயில் உணவுப் பயிலரங்கு எங்காவது நடந்தால் யோசிக்காமல் போகலாம். பௌத்த மடத்துச் சமையலில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, பூண்டும் வெங்காய வகைகளும்கூடக் கிடையாது.

கடைசியாக, திறந்தவெளியில் பன்குத் நடப்பதாகத் தெரிந்தால் அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். சமுல்நோரியின் மூல வடிவம் அது: கலைஞர்கள் நின்று, ஓடி, சுழன்று வாசிப்பது. தொப்பி உச்சியில் கட்டிய வெள்ளைக் காகித நாடாவைத் தலையசைப்பாலேயே சுழற்றுவார்கள்; ஆக நீளமானதற்குப் 'பன்னிரண்டு பாகம்' (இரு கையையும் விரித்த அளவு ஒரு பாகம்) என்றே பெயர். வட்டம் சுருளாகி விரியும் கோலங்களைப் பார்க்க, முதலில் சற்று மேடான இடத்தில் நில்லுங்கள். முடியும் தறுவாயில் கீழே இறங்கி ஓரத்துக்கு வந்துவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர்களைக் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுப்பது வழக்கம். அதற்கு 'த்விப்புரி' என்று பெயர். தனி அடவு ஒன்றும் கிடையாது. "டொங்" விழும்போது முழங்காலை லேசாக மடக்கி, எழும்போது தோளை உயர்த்தி, கைகளைப் பக்கவாட்டில் தளர்வாக விரித்துக்கொண்டு வட்டத்தோடு நடந்தால் போதும். குதிகால் உயர்ந்த செருப்பு மட்டும் அன்று வேண்டாம். புல்தரை ஈரமாக இருக்கும்.